அச்சும் எண்ணெயும்

புகையிரதம் ஒன்று நிலையத்தை விட்டுப் புறப்படும்பொழுது, மேடையில் நிற்போரின் கண் முதலில் எஞ்சினை நாடும். பின்னர் வண்டிகளின் சாளரங்களை நாடும். சக்கரங்களின் பக்கத்திலே, அச்சின் முனையைப் பொதிந்து நிற்கும் சிறு இரும்புப் பெட்டிகளைக் கூர்ந்து நோக்குவோர் மிகச் சிலரே. ஆயினும், அப்புகையிரதத்தின் பாரம் முழுவதும் அச்சிறு பெட்டிகளுக்குள்ளேதான் தங்கியிருக்கிறது. அவற்றுக்கு அச்சுப் பெட்டி என்று பெயர். அப்பெட்டிக்குள் எண்ணெய் குறையாதிருக்க மனிதன் கண்ட வழிகள் எவை, அது குறைந்த வேளைகளில் நேர்ந்தவை எவை என்பனவே இப்பேச்சின் பொருளாகும்.

மாட்டுவண்டியின் அச்சுக்கு மசகு பூசுவதைக் கண்டவர்களுக்கு இதன் தேவையை எடுத்து விளக்க வேண்டுவதில்லை. ஆனால், மாட்டுவண்டிக்கும் புகையிரதத்துக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. மாட்டுவண்டியில் அச்சு அசையாது நிற்க, சக்கரம் மட்டும் அதன்மேற் சுழலும். புகையிரதத்திலோ இரு சக்கரங்களும் அவற்றை இணைக்கும் அச்சும் ஒன்றாக இறுக்கப்பட்டு, ஒரே பொருள்போலச் சுழலுகின்றன. ஆகவே, சுழலாத வண்டியின் பாரம் சுழலும் அச்சின் முனைகள்மேல் வந்து அமரவேண்டும். 80 தொன் நிறையுள்ள சரக்கு வண்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதற்கு 4 அச்சுக்கள், 8 முனைகள். எனவே, ஒவ்வொரு முனையும் ஏறக்குறைய 10 தொன் பாரத்தைச் சுமக்கின்றது. வண்டி மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும்பொழுது, 92 சதமமீற்றர் விட்டமுள்ள சக்கரம் ஒன்று வினாடிக்கு 9 தடவைக்கு மேற் சுழலும். இத்துணைப் பாரத்தின் கீழே, இத்துணை விரைவாகச் சுழலும் உருக்கு முனை, தன்மேல் அமர்ந்திருக்கும் உலோகத்தை நேராகத் தொடுமாயின் சிறிது நேரத்திலே தீ மூளும். அத்தீயைத் தடுத்து நிற்பது மயிரிழையிலும் மெல்லியதான ஓர் எண்ணெய்ப் படலமே.

புகையிரதங்களின் தொடக்க காலத்தில் இங்கிலாந்திலே அச்சுக்களுக்குத் திண்ணிய மசகையே பயன்படுத்தினர். விலங்கின் கொழுப்பு, செம்பனை எண்ணெய், சோடா, நீர் ஆகியவற்றைச் சேர்த்துக் காய்ச்சிய கலவை அது. அச்சுப் பெட்டியின் மேலறையில் அதனை அடைத்துவிடுவார்கள். கோடையில் எளிதில் உருகாதபடி ஒருவகையாகவும், குளிர்காலத்தில் இறுகிவிடாதபடி வேறுவகையாகவும் கலவையின் அளவுகளை மாற்றுவதும் வழக்கம். மலிவான முறைதான். ஆனால், அதில் ஒரு குறை இருந்தது. அச்சு உராய்ந்து சூடேறிய பின்னரே மசகு உருகிக் கீழே இறங்கும். நோய் வந்த பின்னரே மருந்து புறப்படும் என்பது போன்ற ஏற்பாடு அது. மெதுவாகச் செல்லும் நிலக்கரி வண்டிகளுக்கு அது போதுமானதாயிருந்தது; விரைவு வண்டிகளுக்குப் போதவில்லை.

அதன்பின் திரவ எண்ணெய் வந்தது. அமெரிக்காவில் அச்சுப் பெட்டியின் அடிப்பாகத்தில் நூற்கழிவை எண்ணெயில் ஊறவைத்துத் திணித்தார்கள். அச்சின் முனை சுழலும்பொழுது அந்நூற்கழிவைத் தடவிச் செல்லும். விளக்குத்திரி எண்ணெயை மேலிழுப்பதுபோல, நூலிழைகள் எண்ணெயை மேலேற்றி அச்சுக்குக் கொடுக்கும். அச்சின்மேல் அமர்ந்திருக்கும் வெண்கலத் தாங்கியின் உட்புறத்திலே மென்மையான கலப்புலோகம் ஒன்று பூசப்பட்டிருக்கும். எளிமையும் மலிவும் உடைய இவ்வேற்பாடு நூறாண்டுக்கு மேல் நிலைத்தது.

எனினும், அதற்கு இடைவிடாத கவனிப்புத் தேவைப்பட்டது. பெரிய நிலையங்களிலும் வண்டிகளைப் பிரித்துச் சேர்க்கும் முற்றங்களிலும், எண்ணெய்க் குவளையும் இரும்புக் கொக்கியும் ஏந்திய தொழிலாளர் வண்டி வண்டியாக நடந்து, ஒவ்வொரு பெட்டியின் மூடியையும் திறந்து, நூற்கழிவைக் கிளறி, எண்ணெய் வார்த்துச் செல்வார்கள். 100 வண்டிகளுள்ள சரக்குப் புகையிரதத்தில் 800 மூடிகள் இருக்கும். மழையிலும் பனியிலும் இரவிலும் அவற்றுள் ஒன்றேனும் தவறவிடப்படலாம். நூற்கழிவு ஒருபுறம் ஒதுங்கிவிடலாம். அல்லது ஓர் இழை அச்சுக்கும் தாங்கிக்கும் இடையே சிக்கி, எண்ணெய்ப் படலத்தைத் துடைத்துவிடலாம். அப்பொழுது தாங்கி சூடேறும்; மென்மையான உலோகப் பூச்சு உருகி ஓடும்; எண்ணெயும் நூலும் தீப்பற்றும். இறுதியில் உருக்கு அச்சின் முனையே செந்நிறமாகக் காய்ந்து, வலுவிழந்து முறியும். புகையிரதத் தொழிலாளர் இதனைச் சூட்டுப் பெட்டி என்று அழைத்தனர். பகலிற் புகையாகவும் இரவிற் செந்தழலாகவும் தோன்றும் அக்காட்சியைப் போல் அவர்கள் அஞ்சியவை வேறு சிலவே.

மனிதன் ஞாபகமாக எண்ணெய் வார்ப்பதற்குப் பதிலாக, யந்திரமே தனக்கு வேண்டிய எண்ணெயைத் தானே எடுத்துக்கொள்ளுமாறு செய்ய இயலாதா என்ற கேள்வி இந்நிலையிற் பிறந்தது. அதற்கு ஒரு துறையில் விடை கண்டவர் எலைஜா மக்கோய் என்பவர். அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் அடிமைத்தளையிலிருந்து தப்பிச் சென்ற கறுப்பினப் பெற்றோருக்கு, கனடாவில் 1844ஆம் ஆண்டிற் பிறந்தவர் அவர். ஸ்கொத்லாந்து சென்று யந்திரவியல் பயின்றார். ஆனால், மீண்டுவந்தபொழுது, அவருடைய நிறத்தைக் கண்டவர்கள் பொறியியலாளருக்குரிய பதவியை அவருக்கு அளித்தாரல்லர். மிச்சிகன் சென்ட்ரல் புகையிரதத்தில் நிலக்கரி அள்ளிப் போடுவதும் எண்ணெய் வார்ப்பதுமே அவருக்குக் கிடைத்த வேலை. எண்ணெய்க் குவளையைக் கையிலேந்திய அம்மனிதர் 1872ஆம் ஆண்டில், நீராவி எஞ்சினுக்குத் தானாகவே எண்ணெய் விடும் கருவி ஒன்றுக்கு ஆக்கவுரிமை பெற்றார். நீராவியின் அழுத்தமே ஒரு சிறு தடுக்கிதழை உயர்த்தி, எண்ணெயை உள்ளே செலுத்தும் அமைப்பு அது. அது எஞ்சினின் நீராவி உருளைக்கு ஆனதேயன்றி, வண்டிகளின் அச்சுப் பெட்டிக்கு ஆனதன்று. ஆயினும், ஓடிக்கொண்டிருக்கும்பொழுதே யந்திரம் தன் எண்ணெயைத் தானே பெறவேண்டும் என்ற நெறியை அது உறுதியாக நாட்டியது. மக்கோய் 1929ஆம் ஆண்டில் மறையும்வரை மசகிடும் கருவிகளையே பெரும்பாலும் ஆராய்ந்து, ஐம்பதுக்கு மேற்பட்ட ஆக்கவுரிமைகளைப் பெற்றார்.

இனி, அச்சின் கதைக்கு வருவோம். எண்ணெய் அச்சைக் காக்கிறது என்பதை யாவரும் அறிவர். எவ்வாறு காக்கிறது என்பதை 1880களுக்கு முன்னர் எவரும் தெளிவாக அறியவில்லை. 1883ஆம் ஆண்டில் ரஷ்யாவில் நிக்கொலாய் பெற்றோவ் என்ற பேராசிரியர், உராய்வு என்பது உண்மையில் எண்ணெய்ப் படலத்தின் உள்ளே நிகழ்வதே என்று காட்டினார். ஏறக்குறைய அதே காலத்தில் இங்கிலாந்தின் யந்திரப் பொறியியலாளர் கழகம், பீச்சம் டவர் என்பவரை இதுபற்றி ஆராயுமாறு பணித்தது. அவர் 4 அங்குல விட்டமுள்ள அச்சு ஒன்றின் கீழ்ப்பாகத்தை எண்ணெயில் தோய்ந்திருக்கச் செய்து, மேலே வெண்கலத் தாங்கியை ஏற்றிப் பாரம் வைத்துச் சுழற்றினார். பின்னர், அக்கால வழக்கப்படி மேலிருந்து எண்ணெய் வார்ப்பதற்காகத் தாங்கியின் உச்சியில் ஒரு துளையிட்டார். மீண்டும் அச்சைச் சுழற்றியபொழுது, வார்க்கப்படாத எண்ணெய் அத்துளை வழியே மேலெழுந்து வழிந்தது. தக்கையால் அடைத்தார், தக்கை வெளியே தள்ளப்பட்டது. மரமுளையை அடித்தார், அதுவும் தள்ளப்பட்டது. பின்னர் அழுத்தமானி ஒன்றை அத்துளையிற் பொருத்தினார். தாங்கியின்மேல் இருந்த பாரம் சராசரியாகச் சதுர அங்குலத்துக்கு 100 இறாத்தல். மானியின் முள்ளோ 200 இறாத்தலையும் தாண்டி, அதன் எல்லைக்கே சென்றுவிட்டது.

இதன் பொருள் யாது? தாங்கி அச்சின்மேல் அமர்ந்திருக்கவே இல்லை, எண்ணெயின்மேல் மிதந்துகொண்டிருந்தது. 1886ஆம் ஆண்டில் ஒஸ்போன் ரெயினோல்ட்ஸ் என்ற அறிஞர் இதற்குக் கணித விளக்கம் அளித்தார். அச்சின் முனைக்கும் தாங்கிக்கும் இடையேயுள்ள வெளி எங்கும் ஒரே அளவாக இராது. ஒருபுறம் அகன்று, ஒருபுறம் ஆப்புப்போலக் குறுகியிருக்கும். சுழலும் அச்சு, தன்மேல் ஒட்டிய எண்ணெயை அகன்ற புறத்திலிருந்து குறுகிய புறத்துக்கு இழுத்துச் செல்கிறது. குறுகிய இடத்திற் புகுந்த எண்ணெய் நெருக்குண்டு, பெரும் அழுத்தம் பெற்று, மேலுள்ள பாரத்தைத் தூக்கி நிறுத்துகிறது. எனவே, அச்சே தனக்குரிய பம்பியுமாகின்றது. உச்சியில் துளையிட்டு எண்ணெய் வார்க்கும் பழைய வழக்கம் ஏன் பலிக்கவில்லை என்பதும் இதனால் விளங்கியது. அழுத்தம் மிகுந்த இடத்திலே எண்ணெயைப் புகுத்த முயல்வது, ஊற்றுக் கண்ணுக்குள் நீர் வார்க்க முயல்வதை ஒக்கும். அழுத்தம் குறைந்த பக்கங்களிலோ கீழிருந்தோ எண்ணெய் கொடுக்கவேண்டும். எஞ்சியதை அச்சு தானே செய்துகொள்ளும்.

இவ்வுண்மையை அடிப்படையாகக் கொண்டு பல அமைப்புகள் தோன்றின. அவற்றுள் ஒன்று, இரு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் பிரான்சு முதலிய நாடுகளில் இடம்பெற்ற ஐஸோதேர்மோஸ் என்னும் அச்சுப் பெட்டி. அதில் நூற்கழிவு இல்லை. தூசும் நீரும் புகாதபடி மூடப்பட்ட பெட்டியின் அடியில் எண்ணெய் தேங்கியிருக்கும். அச்சின் கடைமுனையில் அகப்பைபோன்ற ஒரு தகடு பொருத்தப்பட்டிருக்கும். அச்சு சுழலச் சுழல அத்தகடு எண்ணெயிற் தோய்ந்து, அதனை அள்ளி மேலே சேர்க்கும். மேலே சேர்ந்த எண்ணெய் தாங்கியின் பக்கங்களில் வழிந்து, அச்சை நனைத்து, மீண்டும் அடியிலே சென்று சேரும். வண்டி ஓடும்வரை எண்ணெயும் இவ்வாறு சுற்றிவந்துகொண்டே இருக்கும்; போகும் வழியில் அது வெப்பத்தையும் எடுத்துச் சென்று பெட்டியின் சுவர்களுக்குக் கொடுத்துவிடும். எண்ணெய்க் குவளையோடு வண்டி வண்டியாகத் திரிய வேண்டிய தேவை இதனாற் பெரிதும் குறைந்தது.

ஆயினும், இதற்கும் ஓர் எல்லை உண்டு. அச்சு சுழன்றால்தான் படலம் உண்டாகும். நிற்கும் வண்டி புறப்படும் அந்த முதற்கணத்தில் உலோகத்தை உலோகம் தொட்டே தீரும். இக்குறையை நீக்க வந்தது உருளைத் தாங்கி. பாரம் வழுக்கிச் செல்லாமல், சிறு உருக்கு உருளைகளின்மேல் உருண்டு செல்லும் ஏற்பாடு அது. இதன் சிறப்பைக் காட்டுவதற்காக அமெரிக்க டிம்கன் நிறுவனம் 1930ஆம் ஆண்டில், எல்லா அச்சுக்களிலும் உருளைத் தாங்கிகள் பொருத்திய நீராவி எஞ்சின் ஒன்றைச் செய்வித்தது. 1111 என்பது அதன் இலக்கம். அப்பெரும் எஞ்சினைச் சில பெண்கள் கயிறுகட்டிக் கையால் இழுத்துக் காட்டினர். கண்டோர் வியந்தனர். ஆனால், சரக்கு வண்டிகளுக்கு இப்புதுமை எளிதில் வந்து சேரவில்லை. வட அமெரிக்காவில் ஒரு நிறுவனத்தின் வண்டி மற்றொரு நிறுவனத்தின் பாதையில், வேறு பல நிறுவனங்களின் வண்டிகளோடு கோக்கப்பட்டு ஓடும். ஒருவர் பொருள் செலவிட்டுத் தம் வண்டிகளைத் திருத்தினாலும், பக்கத்து வண்டியின் பழைய அச்சு முறிந்தால் எல்லா வண்டிகளும் ஒன்றாகவே சாயும். எனவே, செலவிட முந்துவோர் சிலராயினர்.

இத்தாமதத்தின் விலை சிறியதன்று. 1943ஆம் ஆண்டு செப்டெம்பர் 6ஆந் திகதி, வாஷிங்டனிலிருந்து நியூயோர்க் நோக்கி 541 பயணிகளோடு விரைவுப் புகையிரதம் ஒன்று சென்றது. 16 வண்டிகள், விடுமுறைக் காலமாதலால் எங்கும் நெரிசல். பிலடெல்பியா நகரைக் கடக்கும்பொழுது 7ஆவது வண்டியின் அச்சுப் பெட்டி எரிவதை முற்றமொன்றில் நின்ற தொழிலாளர் கண்டனர். அடுத்த சமிக்ஞைக் கூடத்துக்குத் தொலைபேசியில் அறிவித்தனர். செய்தி சென்றது, ஆனால், புகையிரதத்தை நிறுத்தக் காலம் போதவில்லை. அச்சின் முனை முறிந்தது. 7ஆவது வண்டி தடம்புரண்டு, சமிக்ஞைத் தூணில் மோதிச் சாளர மட்டத்திலே பிளந்தது. 79 பேர் மாண்டனர். நூற்றுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். அச்சுப் பெட்டி ஒன்று வறண்டதன் விளைவு அது.

முப்பத்தாறு ஆண்டுகளின் பின்னர், 1979ஆம் ஆண்டு நவம்பர் 10ஆந் திகதி நள்ளிரவுக்குச் சற்று முன், கனடாவில் ரொறன்ரோ நகருக்கு அண்மையிலுள்ள மிசிசாகாவில் மற்றொரு விபத்து நேர்ந்தது. இரசாயனப் பொருள்களும் எரிவாயுவும் ஏற்றிய 106 வண்டிகளைக் கொண்ட புகையிரதம் அது. 33ஆவது வண்டியில் பழைய எண்ணெய்த் தாங்கி இருந்தது. அது வறண்டு காய்ந்தது, அச்சு கழன்று வீழ்ந்தது, வண்டிகள் சரிந்தன. எரிவாயு வெடித்தது, குளோரீன் வாயு கசிந்தது. இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் தம் வீடுகளை விட்டு வெளியேற்றப்பட்டனர். நல்லூழாக உயிரிழப்பு நேரவில்லை. அதன்பின் ஆபத்தான பொருள்களை ஏற்றும் புகையிரதங்கள் பற்றிய விதிகள் அங்கே இறுக்கப்பட்டன. 1990களின் நடுப்பகுதியில், நிறுவனங்களுக்கிடையே மாறிச் செல்லும் வண்டிகளிற் பழைய எண்ணெய்த் தாங்கி இருத்தலாகாது என்பது வட அமெரிக்காவில் விதியாயிற்று.

உருளைத் தாங்கிகளுள் மசகு இட்டு முத்திரைபோல் மூடிவிடுகின்றனர். ஆண்டுக்கணக்காக அதனைத் திறக்க வேண்டியதில்லை. எனவே, எண்ணெய்க் குவளை ஏந்திய தொழிலாளி மறைந்தார். அவரோடு, ஒவ்வொரு பெட்டியையும் தொட்டும் முகர்ந்தும் பார்த்த கையும் மூக்கும் மறைந்தன. அவற்றுக்குப் பதிலாக, 1950களின் பிற்பகுதியிலிருந்து தண்டவாளத்தின் அருகே வெப்பமறியும் கருவிகள் அமைக்கப்பட்டன. கண்ணுக்குப் புலனாகாத வெப்பக் கதிர்களைக் கொண்டு, ஓடிச் செல்லும் ஒவ்வொரு அச்சுப் பெட்டியின் சூட்டையும் அவை அளந்து அறிவிக்கும்.

அக்கருவியின் பயனும் எல்லையும் 2023ஆம் ஆண்டு பெப்ரவரி 3ஆந் திகதி ஒருங்கே வெளிப்பட்டன. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஓடிய சரக்குப் புகையிரதம் ஒன்றின் 23ஆவது வண்டியில் உருளைத் தாங்கி பழுதடைந்தது. முதற் கருவி, சூழலின் வெப்பத்தைவிடப் பரனைற்று அளவில் 38 பாகை அதிகம் என்று காட்டியது. ஏறக்குறைய 11 மைல் சென்றபின், இரண்டாவது கருவி 103 பாகை அதிகம் என்றது. இரண்டும் வண்டியை நிறுத்துவதற்கு அந்நிறுவனம் வகுத்திருந்த அளவுக்குக் குறைந்தவை. ஆதலால் வண்டி நிறுத்தப்படவில்லை. இரண்டாவது கருவியின் அண்மையில் இருந்த காவற் படக்கருவிகளிலோ வண்டியின் அடியிலிருந்து ஒளிரும் தழல் பதிவாகியிருந்தது. தாங்கியின் உள்ளே எரியும் சூடு வெளியே வந்து சேரச் சிறிது நேரம் ஆகும். கருவி காண்பது வெளிச் சூட்டையே. மேலும் 19 மைல் சென்ற பின்னரே மூன்றாவது கருவி வந்தது. அது 253 பாகை என்று கூவியது. சாரதி நிறுத்த முனைந்தார். அதற்குள் தாங்கி அழிந்து, ஈஸ்ட் பலஸ்தைன் என்ற சிற்றூரில் 38 வண்டிகள் தடம்புரண்டன. நச்சுத்தன்மை வாய்ந்த வினைல் குளோரைட்டு ஏற்றிய வண்டிகளும் அவற்றுள் இருந்தன. ஊரவர் தம் வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது.

நேயர்களே, 1943இலும் 2023இலும் நடந்தவற்றை அருகருகே வைத்து நோக்குதல் தகும். முன்னதில் மனிதக் கண் தீயைக் கண்டது. செய்தி பிந்திச் சேர்ந்தது. பின்னதில் கருவி சூட்டை அளந்தது. அளவு போதாதென்று செய்தி பிந்தியே எழுந்தது. தாங்கியின் அமைப்பு மாறியது, எண்ணெய் மசகாயிற்று, குவளை போய்க் கருவி வந்தது. ஆனால், சூடு தொடங்குவதற்கும் அச்சு முறிவதற்கும் இடையேயுள்ள காலம் மட்டும் முன்போலவே குறுகியதாக இருக்கின்றது. அக்காலத்துள் வண்டியை நிறுத்தினால் ஒரு பயணம் சற்றுத் தாமதமாகும். நிறுத்தாவிடின் ஓர் ஊரே ஆபத்துக்குள்ளாகும். கருவிகளை எத்தனை மைலுக்கு ஒன்றாக வைப்பது, எந்த அளவிலே நிறுத்துவது என்பவற்றைக் கருவி முடிவு செய்வதில்லை. அவற்றை வகுப்போர் மனிதரே. அவ்வாறு வகுக்கையிற் பொருட்செலவும் காலச்செலவும் ஒரு தட்டிலும், உயிர்கள் மறு தட்டிலும் நிற்கின்றன.

தனக்கு வேண்டிய எண்ணெயை அச்சு தானே இழுத்துக்கொள்ளும் என்று டவரின் சோதனை காட்டியது. தானே அள்ளிக்கொள்ளவும் அதற்குப் பழக்கினர் பின்வந்தோர். ஆயினும், எண்ணெய் தீர்ந்துவிட்டது என்பதைத் தானே உணர்ந்து நிற்க எந்த அச்சுக்கும் தெரியாது. அதனை உரிய காலத்தில் உணரவேண்டிய கடமை, குவளை ஏந்தி நடந்த பழைய தொழிலாளியிடம் ஒருகாலத்தில் இருந்தது. இன்று அது புகையிரதங்களை நடத்துவோர் யாவரிடமும் இருக்கின்றது.